வாசலின் டப்பா: எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்கக் கூடாது?

மழைக்காலத்தில் இரும்புச் சாமான்களைத் துருவிலிருந்து காப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, பெட்ரோலியம் ஜெல்லியை, அதாவது நாம் வாசலின் என்று சொல்வதை, ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இம்முறை கேள்வி பதில் முழுவதும் அதற்கே.

தூத்துக்குடியில் எங்கள் குடும்பத்து இரும்புக் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். கடற்காற்று ஆணியைக்கூட விட்டுவைக்காத ஊர் அது. வாசலின் டப்பாவைத் தேடி எங்கள் கடைக்கு வந்தவர்களில் பேட்டரி மெக்கானிக்கும் உண்டு, உப்பளத்தில் நின்று பாதம் வெடித்த பெண்களும் உண்டு. இரு சாராருக்கும் அது செய்தது ஒரே வேலைதான். அது எதையும் குணமாக்குவதில்லை, ஊட்டம் கொடுப்பதில்லை, அழுக்கை எடுப்பதில்லை. தண்ணீரும் காற்றும் தாண்டாதபடி மறித்து நிற்கிறது. ஓர் இடத்தில் அதைத் தடவுமுன், அங்கே எதை மறிக்கப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அக்கா, எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறது. பழுது பார்க்க வந்தவர் வாசலின் தடவச் சொல்லிவிட்டுப் போனார். பொடியின் மேலேயே தடவலாமா?
– திருவாரூர் வாசகி

தடவாதீர்கள் அம்மா. அரிக்கும் அமிலத்தை உள்ளே வைத்து மூடுவதாகிவிடும். பேட்டரி சார்ஜ் ஏறும்போது குமிழியிட்டு வெளியேறும் வாயுவோடு கந்தக அமிலத்தின் நுண்துளிகளும் கிளம்புகின்றன. அவை ஈய முனையைத் தின்றால் வெள்ளைப் பொடி. செம்புக் கம்பியையும் பித்தளைத் திருகையும் தின்றால் நீலப்பச்சைப் பொடி. பொடி சேரச் சேர மின்சாரம் போகும் வழி குறுகி, முனை சூடேறும்.

முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, சுவரில் உள்ள பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கையில் மோதிரமோ உலோக வளையலோ இருக்கக் கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். கறுப்புக் கம்பியை, அதாவது எதிர்முனையை, முதலில் கழற்ற வேண்டும். சிவப்பு அதற்குப் பிறகு. ஸ்பேனர் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பொடியைத் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு வரும், அமிலம் முறிகிறது என்று பொருள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா நீர் ஒரு சொட்டுகூடப் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது.

நன்றாகத் துடைத்து, ஈரம் போனபின் சிவப்பை முதலிலும் கறுப்பைப் பிறகும் மாட்டி இறுக்குங்கள். வாசலின் அதற்குப் பிறகுதான். இந்த ஜெல்லி மின்சாரத்தைக் கடத்தாது. உலோகமும் உலோகமும் நேராகப் பொருந்தி இறுகிய பிறகு, வெளியே தெரியும் முனை, திருகு, கம்பியின் தலை எல்லாவற்றையும் மூடும்படி மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். உலோகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் போதும். அப்பி வைக்க வேண்டியதில்லை. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் நாளில் இதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அந்த மூலையில் ஊதுவத்தியோ தீக்குச்சியோ வேண்டவே வேண்டாம்.

கைவைக்கப் பயமாக இருந்தால் அடுத்த முறை மெக்கானிக் வரும்போது பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள். கேட்டுச் செய்துகொள்வது உங்கள் உரிமை.

பலகாரம் வைக்கும் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பது எங்கள் பாட்டி காலத்து வழக்கம். டெங்கு ஆய்வுக்கு வந்தவர்கள் கிண்ணங்களைக் கொட்டச் சொல்லிவிட்டார்கள். இப்போது எறும்பு மொய்க்கிறது. என்ன செய்வது?
– மதுரை வாசகி

ஆய்வுக்கு வந்தவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு குளம் குட்டையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் இத்தகைய சின்னக் கிண்ணம்தான் அதற்கு இஷ்டம். நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கிண்ணத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைத்துவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நீர் படும்போது பொரிக்கும். ஆகவே கிண்ணங்களைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி எடுத்து வையுங்கள்.

தண்ணீருக்குப் பதிலாக மேசைக் கால்களில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வாசலினைச் சுற்றிலும் பூசுங்கள். ஓர் இடத்தில் இடைவெளி விட்டாலும் எறும்பு அதைக் கண்டுபிடித்துவிடும். பூசியபின் கொஞ்ச நேரம் குனிந்து பாருங்கள். வரிசையாக ஏறி வரும் எறும்பு விளிம்பில் நின்று, உணர்கொம்பால் ஜெல்லியைத் தட்டிப் பார்க்கும்; ஓரமாக அரை வட்டம் போகும்; திரும்பி வந்த வழியே இறங்கும். பின்னால் வருவதும் அதையேதான் செய்யும். எறும்புகளை வளர்த்து ஆராய்கிறவர்கள்கூட அவை தப்பாமலிருக்கப் பெட்டியின் உள்விளிம்பில் இதைத்தான் பூசுகிறார்கள்.

மேசை சுவரைத் தொடக் கூடாது. விரிப்பின் நுனி தரையில் தொங்கக் கூடாது. இரண்டில் ஒன்று இருந்தாலும் காலில் பூசியது வீண். தூசி படிந்து மேலே ஏடு கட்டிவிட்டால் எறும்பு அதன்மேல் நடந்து போய்விடும். அப்போது துணியால் வழித்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். தவழும் குழந்தை உள்ள வீடென்றால் மேசையை எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள். நீங்கள் தனிக் கடிதத்தில் கேட்டிருந்த தொங்கும் வாழைத்தார்க் கொக்கிக்கும் இதே உபாயம்தான்.

பல்பின் மரையில் வாசலின் தடவினால் எளிதில் கழற்றலாம் என்று படித்தேன். செய்யலாமா?
– சென்னை வாசகர்

வேண்டாம். அது திருகி மாட்டும் பல்புகள் புழங்கும் நாடுகளுக்குச் சொன்ன யோசனை. நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு முள் வைத்து அழுத்தித் திருப்பும் ஹோல்டர்தான். அதில் மரையே கிடையாது. மின்சாரம் உள்ள ஹோல்டருக்குள் விரலையும் ஜெல்லியையும் கொண்டுபோக ஒரு காரணமும் இல்லை.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். கேட்டின் தாழ்ப்பாள், கதவுக் கீல், பூட்டு எல்லாம் இறுகிவிடுகின்றன. தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள்தான். வாசலின் நிற்குமா? தையல் இயந்திரத்துக்கும் போடலாமா?
– கடலூர் வாசகர்

தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் அருமையாக நிற்கும். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். நல்லெண்ணெய் பிசினாகவே மாறிவிடும். பெட்ரோலியம் ஜெல்லி காற்றுப்பட்டுக் கெட்டுப்போவதில்லை, மழையில் கரைவதுமில்லை. கீலின் மேல் பூசிவிட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் சத்தம் நிற்காது. கீலின் ஊசியை அடியிலிருந்து மெல்லத் தட்டி வெளியே எடுங்கள். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, துடைத்து, ஊசி முழுக்க மெல்லப் பூசி மறுபடி இறக்குங்கள். எந்தக் கதவானாலும் ஒரு நேரத்தில் ஒரு கீல் மட்டும். இல்லாவிட்டால் கதவு சாய்ந்துவிடும். தாழ்ப்பாளின் கம்பியையும் இதே போல் வெளியே இழுத்துத் துடைத்துப் பூச வேண்டும்.

பூட்டு வேறு கதை. வளையத்தின் வெளிப்புறத்துக்குப் பூசுங்கள். சாவித் துவாரத்துக்குள் வேண்டாம். தூசியும் மணலும் அதில் ஒட்டிக் களியாகி, உள்ளே இருக்கும் சின்னச் சின்ன ஊசிகள் அசையாமல் போகும். அதற்குப் பென்சில் முனைதான். சாவியின் பற்களில் பென்சிலால் நன்றாகத் தேய்த்து, துவாரத்தில் விட்டு நாலைந்து முறை முன்னும் பின்னும் இழுங்கள். பென்சிலில் இருக்கும் கிராபைட் ஒட்டாமல் வழுக்கும். தையல் இயந்திரத்துக்கும் வாசலின் கூடாது. அது கேட்பது நீர்த்த எண்ணெய். கெட்டியான ஜெல்லி நூல் பிசிறைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஓட்டத்தையே மந்தமாக்கும்.

சுத்தியல், திருப்புளி, ஸ்பேனர், மண்வெட்டி போன்றவற்றைத் துணியில் கொஞ்சம் தொட்டுத் துடைத்துவைத்தால் ஐப்பசி மழை முழுக்கத் துரு அண்டாது. அரிவாள்மனைக்கும் தேங்காய் துருவிக்கும் தேங்காய் எண்ணெயே போதும். சாப்பாட்டைத் தொடுகிற இரும்பில் இதைப் பூச வேண்டாம்.

குக்கர் ரப்பர் வளையம் காய்ந்து விறைத்துவிட்டது. வாசலின் தடவினால் மிருதுவாகுமா? பலாப்பழம் நறுக்கும்போது கையில் தடவிக்கொள்ளலாமா?
– பண்ருட்டி வாசகி

இரண்டுக்கும் வேண்டாம். கச்சா எண்ணெயிலிருந்து வந்த பொருள் இது. இயற்கை ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்து, நாளடைவில் வலுவிழக்கச் செய்யும். விறைத்த வளையத்தை மாற்றுவதுதான் வழி. நீராவி அடங்கியிருக்கும் பாத்திரத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ரப்பர் கையுறை, கார் கதவின் ரப்பர் பட்டை, குழாயின் ரப்பர் வளையம் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். குழாய்க்குச் சிலிகான் கிரீஸ் கேட்டு வாங்குங்கள். பலாவுக்கு, பண்ருட்டிக்காரரான உங்களுக்குத் தெரியாததா, கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய்தான்.

விரல் வீங்கி மோதிரம் கழற்ற முடியவில்லை.
– சேலம் வாசகி

கையைத் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் உயர்த்திப் பிடித்திருங்கள். பிறகு குளிர்ந்த நீரில் முக்கி எடுத்துத் துடைத்து, மோதிரத்துக்கு மேலும் கீழும் வாசலின் தடவுங்கள். நேராக இழுத்தால் கணுவில் தோல் திரண்டு இன்னும் இறுகும். மோதிரத்தைத் திருகித் திருகி மெல்ல மேலே கொண்டுவாருங்கள். விரல் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மோதிரத்தை அறுத்து எடுக்க அங்கே கருவி இருக்கும். பொன்னை ஒட்டிக்கொள்ளலாம், விரலை ஒட்ட முடியாது.

பொங்கலுக்கு நாங்களே பெயின்ட் அடிக்கப் போகிறோம். ஜன்னல் கண்ணாடியிலும் கைப்பிடியிலும் படாமலிருக்க ஒரு வழி சொல்லுங்கள்.
– தஞ்சாவூர் வாசகர்

கண்ணாடியின் ஓரம், கைப்பிடி, கீல், சுவிட்ச் பலகையின் விளிம்பு ஆகிய இடங்களில் மெல்லப் பூசிவிட்டு அடியுங்கள். மேலே தெறித்த பெயின்ட் ஒட்டாது. காய்ந்ததும் துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும். பெயின்ட் ஒட்ட வேண்டிய சட்டத்தில் மட்டும் ஒரு சொட்டும் பட்டுவிடக் கூடாது. பட்டால் அந்த இடம் அடுத்த பொங்கலுக்குள் உரிந்துவிடும். அதனால் பிரஷ் பிடிக்கும் கை வேறு, ஜெல்லி பூசும் கை வேறாக இருக்கட்டும்.

என் கைக்குழந்தைக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. மாமியார் வாசலின் தடவச் சொல்கிறார். இடுப்புத் துணி பட்டுச் சிவந்த இடத்துக்கு அது நன்றாகக் கேட்டது.
– வேலூர் வாசகி

உங்கள் மாமியார் அனுபவத்தில்தான் சொல்கிறார். இடம் மட்டும் மாறிவிட்டது. இடுப்புத் துணி பட்ட இடத்தில் சிறுநீரின் ஈரம் தோலைத் தொடாமல் ஜெல்லி மறிக்கிறது, அதனால் கேட்டது. வேர்க்குரு வியர்வை நாளம் அடைபட்டு வருவது. வேலூர் வெயிலில் அதன்மேல் இதையும் பூசினால் அடைப்பு கூடும். குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, ஒத்தி எடுத்து, தளர்ந்த பருத்திச் சட்டை போட்டுக் காற்றோட்டமாக வைத்திருங்கள். சீழ் கோத்தாலோ காய்ச்சல் வந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரைக்கும் இதைத் தடவக் கூடாது. ஈரத்தை உள்ளே அடைத்தால் பூஞ்சை இன்னும் பரவும்.

மாமி, பித்தவெடிப்புக்கு எத்தனையோ களிம்பு தடவியாயிற்று. வாசலின் தடவியும் பலனில்லை.
– காஞ்சிபுரம் வாசகி

காய்ந்த காலில் தடவியிருப்பீர்கள். இதில் ஈரம் என்பதே கிடையாது. தோலில் ஏற்கனவே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காப்பது மட்டும்தான் இதன் வேலை. ஆகவே முதலில் ஈரத்தைக் கொடுக்க வேண்டும். இரவு வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் பாதத்தை ஊறவையுங்கள். ஊறிய தடித்த தோலைப் பீர்க்கங்கூட்டால் மென்மையாகத் தேயுங்கள். பிளேடால் சீவவே கூடாது. துண்டால் ஒத்தியெடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன்பே தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். உப்பளத்துப் பெண்களிடம் எங்கள் கடையில் சொல்லி அனுப்பும் முறை இதுதான். ஓர் இரவில் மாறாது. விடாமல் செய்தால் வெடிப்பின் விளிம்பு மிருதுவாகி மூடிக்கொள்ளத் தொடங்கும்.

காலுறை போடாமல் டைல்ஸ் தரையில் நடந்தால் சறுக்கிவிடும். வயதானவர்களுக்குத் தடவிவிடுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. இரவில் கழிவறைக்கு எழுந்தவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் வீடே முடங்கிப்போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், வெடிப்பில் இரத்தமோ நீரோ கசிகிறவர்களும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏ.சி. அறையில் அப்பாவுக்கு மூக்கு வறண்டு எரிகிறது. உள்ளே வாசலின் வைக்கலாமா?
– கோவை வாசகர்

துவாரத்தின் வெளி விளிம்பில் மெல்லத் தடவலாம். உள்ளே ஆழமாக, அதுவும் தினமும் படுக்கும் நேரத்தில் வைக்காதீர்கள். உருகி மூச்சோடு சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கினால் அது வெளியேறாது. ஒருவகை நிமோனியாவே வரும். ஆக்சிஜன் வைத்துக்கொள்பவர் என்றால் முகத்தின் அருகிலேயே இது வேண்டாம், தீப்பற்றும் ஆபத்து. உப்புநீர்ச் சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இதைக் கண்டுபிடித்தவர் தன்னையே சுட்டுக்கொண்டு தடவிக் காட்டினாராமே? அப்படியானால் தீக்காயத்துக்கு இது மருந்துதானே?
– நாகர்கோவில் மாணவி

நல்ல கேள்வி கண்ணே. அவர் ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர். 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊரில் எண்ணெய் கிடைத்ததும், 22 வயதில் அங்கே போனார். துளைக்கும் கம்பிகளில் மெழுகு போன்ற கறுப்புப் பசை அப்பிக்கொண்டு வேலையைக் கெடுப்பதையும், அதே பசையைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயத்திலும் தீக்காயத்திலும் தடவிக்கொள்வதையும் பார்த்தார். அதைச் சுத்திகரித்து வெண்ணிற ஜெல்லியாக்க ஆண்டுகள் பிடித்தன. 1872-இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். கூட்டத்தின் நடுவே தன் தோலைச் சுட்டுக்கொண்டு தடவிக் காட்டியதாகச் சொல்லப்படுவது உண்டு. 96 வயது வரை வாழ்ந்து 1933-இல் மறைந்தார்.

ஆனால் சுட்டவுடன் தடவுவது சரியல்ல. தோலுக்குள் இன்னும் சூடு இருக்கிறது. அது வெளியேற வேண்டும். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓடவிடு. பனிக்கட்டி வேண்டாம், பற்பசை, மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். நன்றாகக் குளிர்ந்த பின், சிறு காயமாக இருந்தால் மட்டும், மெல்லத் தடவிச் சுத்தமான துணியால் மூடலாம். காயம் காய்ந்து பொருக்குக் கட்டாமல் ஈரம் காப்பதால் தோல் விரைவில் கூடும். பெரிய கொப்புளம், முகம், கை, மூட்டு என்றால் நேரே மருத்துவமனை. அடுப்பருகே இன்னொரு கவனம்: இந்த ஜெல்லி ஊறிய துணி திரி போல் பற்றி எரியும். தடவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சமைக்கக் கூடாது என்று அம்மாவிடமும் சொல்.

தேக்கு மேசையில் சூடான காபி தம்ளர் வைத்து வெள்ளை வட்டம் விழுந்துவிட்டது.
– காரைக்குடி வாசகி

வட்டத்தின் மேல் வாசலின் பூசி ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் மென்துணியால் இழைப்போக்கிலேயே துடையுங்கள். பாலிஷுக்குள் சிக்கிய ஈரம்தான் வெளுப்பாகத் தெரிகிறது; பெரும்பாலும் மங்கிவிடும். கறுத்த வட்டமென்றால் ஈரம் மரத்துக்கே போய்விட்டது, தச்சரைக் கூப்பிடுங்கள்.

பட்டுப் புடவையில் பட்டுவிட்டது. தண்ணீரில் நனைத்தும் போகவில்லை. கோடையில் டப்பா உருகிவிட்டது, அதைப் பயன்படுத்தலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– திருச்சி வாசகி

பட்டில் இனித் தண்ணீர் வைக்காதீர்கள். முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் எண்ணெயை உறிஞ்சவிட்டு, உதறிவிட்டு, என்ன பட்டது என்று சொல்லியே டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். பருத்தித் துணியென்றால் கரண்டி முனையால் வழித்தெடுத்து, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைத் தேய்த்து ஊறவைத்து, துணி தாங்கும் அளவு சூடான நீரில் அலசுங்கள். கறை முழுதும் போகுமுன் இஸ்திரி போட்டால் படிந்துவிடும். கையில் மிஞ்சியதை நாளிதழில் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கழுவுதொட்டிக்குள் வழித்துப்போட்டால் குழாயில் கட்டிக்கொள்ளும்.

உருகியதால் கெட்டுவிடவில்லை. ஏறத்தாழ 38 டிகிரிக்கு மேலேயே இது இளகத் தொடங்கும். திருச்சிச் சித்திரையில் அது சாதாரணம். நிழலில் வைத்து இறுகியதும் பயன்படுத்துங்கள்.

தோலுக்கு வாங்குவது வெள்ளையாக, வாசனை சேர்க்காததாக, மருந்துத் தரம் என்று அச்சிட்டதாக இருக்கட்டும். எங்களைப் போன்ற இரும்புக் கடைகளில் எடை போட்டுக் கொடுக்கும் பழுப்பு ஜெல்லி பேட்டரிக்கும் கீலுக்கும் மட்டும். முழுதாகச் சுத்திகரிக்காத அதைத் தோலில் தடவக் கூடாது. டப்பாவும் இரண்டாக இருக்க வேண்டும். கீலுக்குத் தொட்ட விரல் மேனிக்கான டப்பாவுக்குள் போகாமல், சின்னக் கரண்டியால் எடுங்கள். மூடியின் மேல் மார்க்கர் பேனாவால் ஒன்றில் ‘இரும்பு’, மற்றதில் ‘உடம்பு’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.